அவுக பாத்துக்கிடுவாக

எங்க தெருவுல எது ஓடாம நின்னாலும் கீழ்வீட்டு அக்காகிட்டதான் போகும். மிக்சி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன், டைம் காட்டாத கடிகாரம், பூட்டிக்கிட்ட சூட்கேஸ். கொண்டுபோய் வாசல்ல நின்னா அக்கா முந்தானைல கையத் தொடச்சுக்கிட்டு வரும். சாமானை வாங்கி காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டும். உள்ள ஏதாச்சும் கடகடன்னா "ம்"னு தலைய அசைக்கும். அப்பறம் எல்லார்கிட்டயும் சொல்றதையே நம்மகிட்டயும் சொல்லும்.

"வச்சுட்டுப் போங்க. அவுக பாத்துக்கிடுவாக."

மறுநாள் சாயங்காலம் போனா சாமான் ஓடும். "அவுக செஞ்சு வச்சுட்டாக"ன்னு எடுத்துக் குடுக்கும்.

அந்த "அவுக" யாருன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்க என்ன இருக்கு? எங்க பக்கம் ஒரு பொம்பள "அவுக"ன்னா அது புருசன்தான். பேரைச் சொல்ல மாட்டாக, "அவர்"னுகூடச் சொல்ல மாட்டாக. அந்த ஒத்த வார்த்தைய நம்பி ஏழு வருசம் ஒரு தெருவே ஏமாந்துச்சு. அதுல டிகிரி முடிச்ச கழுதை நானும் ஒருத்தி. அக்காவோட பேரை இங்க எழுதப் போறதில்ல. எழுதினது தெரிஞ்சா பஸ் ஏறி வந்து சண்டை போடும், அம்புட்டுக் கூச்சம் அதுக்கு.

வண்டியூர் போற ரோட்டுல இருந்து உள்ள திரும்புனா எங்க தெரு. தெப்பக்குளத்துக்கு நடந்தே போயிரலாம். கீழ அக்காவும் அக்கா வீட்டுக்காரரும், அவர நாங்க அண்ணன்னுதான் கூப்பிடுவோம். மாடியில எங்கப்பா, எங்கம்மா, நான். ரெண்டு வீடும் வாடகைதான். நான் அப்ப ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பக் கல்யாணம் ஆகி வேற ஊருக்கு வந்துட்டேன். வீட்டுல ஏதாச்சும் ரிப்பேரானா இன்னைக்கும் மொதல்ல அக்கா மொகம்தான் வருது.

அக்காவுக்கு நகக்கண்ணுல எப்பவும் கருப்பு இருக்கும். எங்கம்மா ஒருநாள் கேட்டுச்சு. "வாழைப்பூ ஆஞ்சேன்மா"ன்னுச்சு அக்கா. அடுத்த வாரம் கேட்டப்பவும் வாழைப்பூ. அதுக்கடுத்த வாரமும் அதேதான். "வாரத்துல நாலு நாள் வாழைப்பூன்னா அந்தத் தம்பி வயிறு என்னத்துக்குடி ஆகும்"னு எங்கம்மா மாடிக்கு வந்து அங்கலாய்ச்சுச்சு. அதுவும் நம்பிருச்சு பாருங்க.

வீட்ட விட்டு எடுத்துட்டுப் போக முடியாத சாமானா இருந்தா அக்காவே மத்தியானமா வரும். ஆம்பளைக வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து வரும். கையில ஒரு கூடை, மேல துண்டு போட்டு மூடியிருக்கும். "அளவு மட்டும் பாத்துட்டு வரச் சொன்னாக"ன்னு சொல்லிட்டு உள்ள போகும். ஒருதடவை எங்க வீட்டுக் குழாய் ஒரு வாரமா சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அக்கா அளவு பாக்க வந்துச்சு. நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிட்டு வந்து பாத்தா சொட்டு நின்னு போச்சு.

"என்னக்கா, நின்னுருச்சு?"

"அளவு பாத்ததுலயே நின்னுருச்சு போலத்தா"ன்னு கூடையத் தூக்கிட்டுப் போயிருச்சு. நானும் சரின்னு பாத்திரத்தக் கழுவ ஆரம்பிச்சேன்.

அண்ணன் டவுன்ல ஒரு ஹார்டுவேர் கடையில கவுண்டர்ல நிக்கிறவரு. ஆணி, பைப், தாழ்ப்பாள், வாசர் எதைக் கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டு எடுத்துத் தருவாரு. முக்கால் இஞ்சு ஸ்க்ரூவுக்கும் ஒரு இஞ்சு ஸ்க்ரூவுக்கும் எது எங்க போடணும்னு கால் மணி நேரம் பேசுவாரு. இம்புட்டுத் தெரிஞ்ச ஆளுக்குக் கைவேலை தெரியாம இருக்குமா? தெருவுல அவர் தல தெரிஞ்சாப் போதும், டீக்கடைல இருந்தே மறிப்பாங்க. "அண்ணே, கிரைண்டர் கல்லு சுத்த மாட்டேங்குது." அண்ணன் நின்னு முழுசாக் கேப்பாரு. "வீட்ல குடுத்துருங்க"ம்பாரு. அப்பறம் வேகுவேகுன்னு நடையக் கட்டிருவாரு. பெரிய வேலைக்காரன், நின்னு பேச நேரமில்லன்னு நாங்களே அர்த்தம் பண்ணிக்கிட்டோம்.

எங்கப்பாவுக்கு அண்ணன்னா ஒரு பக்தியே உண்டு. அப்பா பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வீட்டுலயும் விசில் அவர் கைலதான். பொம்பளைக திருப்புளி, ஸ்பானருன்னு எதையாச்சும் தொட்டா அவருக்கு ஆகாது. "பொம்பள கை பட்டா மரை கழண்டுரும்"பாரு. ஒருதடவை நான் ஃப்யூஸ் கட்டையப் பிடுங்கிக் கம்பி மாத்திட்டேன். லைட்டு எரிஞ்சுச்சு. அதுக்காக ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள் அவரே அதக் கழட்டி மறுபடி மாட்டுனாரு, அன்னைக்குப் பூராவும் வீட்டுல கரண்ட் இல்ல. இத எழுதுறப்பவும் எனக்குக் கோவம் கோவமா வருது.

இந்தப் பேச்சையெல்லாம் அக்காவை வச்சுக்கிட்டே பேசுவாரு. "உன் வீட்டுக்காரன் கை மாதிரி ஒரு கை வேணும்த்தா. அதெல்லாம் பொறப்புலயே வரணும்." அக்கா "ஆமாப்பா"ன்னு தலையாட்டும். சிரிப்பு வராது, சுளிப்பும் வராது. அப்ப அது கையில எங்க வீட்டு மிக்சி இருக்கும், அதுவே கழட்டி அதுவே மாட்டுன மிக்சி.

ஒரு சித்திரையில ரெண்டு வீடும் சேந்து பொருட்காட்சிக்குப் போனோம். அண்ணன் எங்ககூட வெளிய வந்தது அந்த ஒரு தடவைதான். மத்தபடி ஞாயித்துக்கிழமையானா அக்காவும் எங்கம்மாவும் தெப்பக்குளத்துக்குக் கிளம்பிரும். சுவத்துல உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டு கூட்டத்தப் பாத்துட்டு ஏழரை மணிக்குத் திரும்பும். அண்ணன் தலைவலின்னு கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்துக்கிடுவாரு. அன்னைக்கு எப்படியோ இழுத்துட்டு வந்துருச்சு அக்கா.

நான் ராட்டினத்துல ஏறுனேன். சரியா உச்சிக்குப் போய் நின்னுருச்சு. எனக்கு உசரம்னாலே ஆகாது. கீழ எட்டிப் பாத்தா அக்கா விறுவிறுன்னு ராட்டினக்காரர்கிட்ட போய் நிக்குது. என்ன பேசுச்சுன்னு அப்பறம் எங்கம்மாதான் சொன்னுச்சு.

"அண்ணே, பெல்ட்டு நழுவுது. மோட்டார் போல்ட்ட லூஸ் பண்ணி ஒரு விரக்கடை அளவு பின்னாடி இழுத்து முறுக்குங்க. எங்க வீட்டுக்காரவுக சொன்னாக."

"எங்கம்மா உங்க வீட்டுக்காரரு?"

அண்ணன் அம்பது அடி தள்ளி, டெல்லி அப்பளம் வாங்குற கூட்டத்துல முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"அவர் எப்பம்மா சொன்னாரு?"

"வீட்ட விட்டுக் கிளம்பும்போதே சொன்னாக"ன்னுச்சாம் அக்கா.

ராட்டினக்காரர் தலையச் சொறிஞ்சுக்கிட்டே போல்ட்ட முறுக்குனாரு, ராட்டினம் சுத்துச்சு. நான் எறங்கி நேரா அண்ணன்கிட்டப் போய், "ரொம்ப நன்றிண்ணே"ன்னேன். கையில அப்பளத்தோட என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. "பத்திரமா எறங்கிட்டீல்ல, அது போதும்மா"ன்னாரு. என்னா அடக்கம்னு வீடு வர்ற வரைக்கும் அவரத்தான் பாராட்டிக்கிட்டு வந்தேன்.

இது இப்படியே ஓடியிருக்கும். எங்க பாத்ரூம் தாழ்ப்பாள்தான் கெடுத்துச்சு.

பழைய தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சுன்னு எங்கப்பா அண்ணன் கடைக்கே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தாரு. "இதுக்குப் போய் அந்தத் தம்பிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்"னு அவரே மாட்டுனாரு. தாழ்ப்பாள் ஓட்டைக்குள்ள சரியாப் போகல. அப்பா சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டிப் போக வச்சாரு. "புதுசு அப்படித்தான் இறுக்கமா இருக்கும், பழகிரும்"னாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாவும் அக்காவும் தெப்பக்குளத்துல இருக்காக. ஏழு மணிக்கு அப்பா வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டாரு. அடுப்புல இட்லி வேகுது. "மொகம் கழுவிட்டு வாரேன், எடுத்து வை"ன்னு பாத்ரூமுக்குள்ள போனாரு. நான் சட்னியத் தாளிச்சு எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கேன், உள்ள இருந்து டொக்கு டொக்குன்னு சத்தம்.

"ஏய், தாழ்ப்பாள் கைப்பிடி கையோட வந்துருச்சு, தெறக்க முடியல."

எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அப்பறம் கடிகாரத்தப் பாத்தேன். ஊசி போட்டு இருவது நிமிசம் ஆகியிருந்துச்சு. சாப்பிடாம இருந்தா அவருக்கு சுகர் கிடுகிடுன்னு எறங்கும். போன வருசம் அப்படித்தான் வேர்த்து ஊத்தி, பேச்சுக் குழறி, நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தா என்னாகியிருக்குமோன்னு அன்னைக்கு டாக்டர் திட்டுனாரு. கீழ ஓடி அண்ணன் வீட்டுக் கதவத் தட்டுனேன்.

அண்ணன் டூல்ஸ் பையத் தூக்கிட்டு வந்தாரு. கதவத் தடவிப் பாத்தாரு. "இது வெளிய தெறக்கிற கதவு. மிதிச்சா சட்டம் தாங்கிக்கிரும், ஒடையாது. தாழ்ப்பாள் எட்டு இஞ்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்." எல்லாம் சரியாத்தான் சொன்னாரு. பையத் தெறந்து ஒரு ஸ்பானர எடுத்தாரு. உள்ள வச்சாரு. திருப்புளிய எடுத்தாரு, அதையும் வச்சாரு.

"என்னண்ணே பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?"

"அவ வந்துருவா"ன்னு அக்காவுக்குப் போன் போட்டாரு.

"அக்கா வந்து என்னண்ணே செய்யும்? நீங்க கழட்டுங்கண்ணே!"

உள்ள இருந்து அப்பா குரல் வந்துச்சு. "தம்பி வந்துட்டாரா? அப்பச் சரி, இனிக் கவலையில்ல." அதக் கேட்டு அண்ணன் மொகம் சுண்டிப் போச்சு.

பத்து நிமிசத்துல அக்கா சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு மாடிப்படி ஏறி ஓடியாந்துச்சு. எங்கம்மா பின்னால மூச்சு வாங்க வருது. அக்கா கையில ஒரு பஞ்சு மிட்டாய் கவர். அண்ணனுக்கு அதுன்னா உசுரு, ஞாயித்துக்கிழமை தவறாம வாங்கிட்டு வரும்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா. சாப்பிடல."

அக்கா கதவப் பாக்கல. தரையில மண்டி போட்டுக் கதவுக்கடியில பாத்துச்சு. ஒரு விரல் நுழையாத சந்து. பஞ்சு மிட்டாய் கவரப் பல்லால கடிச்சு ஓட்டை போட்டு, காத்தை வெளியேத்தி, ரெண்டு கையாலயும் அமுக்கி அப்பளமாத் தட்டுச்சு. சந்து வழியா உள்ள தள்ளிருச்சு. எனக்கு ஏன் இது தோணலன்னு இன்னைக்கும் என்னையே திட்டிக்கிறேன். வீட்டுல டப்பா நிறைய சீனி இருந்துச்சு.

"அப்பா, காலடியில பாருங்க. எடுத்து வாயில போடுங்க."

"என்னத்தா இது, பஞ்சு மிட்டாயா? நான் என்ன சின்னப்பிள்ளையா? மொதல்ல கதவத் தெறக்கச் சொல்லு."

"தெறக்கலாம்ப்பா. பிரஷ் காம்ப எடுத்து, கைப்பிடி இருந்த ஓட்டையில விட்டு உங்க எடது பக்கமாத் தள்ளிப் பாருங்க."

"நீ எதுக்குச் சொல்ற? தம்பியச் சொல்லச் சொல்லு."

"அவுகதான்ப்பா சொல்றாக."

"அவரு வாயால சொல்லட்டும்." நாக்கு தடிச்சுப் போன பேச்சு. எங்கம்மா அழ ஆரம்பிச்சுருச்சு.

அக்கா அண்ணன் காதுல குசுகுசுன்னு சொன்னுச்சு. அண்ணன் கதவுகிட்ட வாய வச்சு, "ஐயா, வலது பக்கமாத் தள்ளுங்க"ன்னாரு. அக்கா அவரு தோள்ல ஒரு இடி இடிச்சு, "எடது"ன்னுச்சு. "எடது பக்கமாங்கய்யா." உள்ள படக்குன்னு சத்தம். பிரஷ் ஒடஞ்சு போச்சு.

"தம்பி... கண்ணக் கட்டுதே."

"அந்த மிட்டாயத் தின்னுங்கப்பா"ன்னு அக்கா கெஞ்சுச்சு. "தம்பி சொல்லட்டும்"னு அதே பிடிவாதம். சாகுற நேரத்துலயும் மனுசனுக்கு இம்புட்டு வீம்பா?

அப்பத்தான் அண்ணன் கதவுல ஓங்கி அடிச்சாரு.

"ஐயா, கேட்டுக்கங்க. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் ஒரு ஸ்க்ரூவக் கூடத் திருப்புனதில்ல. உங்க மிக்சி, ஃபேனு, குழாய், இந்தத் தெருவுல ஓடுற அம்புட்டுச் சாமானையும் செஞ்சது அவதான். நீங்க பொழைக்கணும்னா அவ சொல்றதக் கேளுங்க."

எங்கம்மா அழுகைய நிப்பாட்டிருச்சு. அக்கா அண்ணனப் பாத்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. பக்கத்து வீட்டு ஆளுக ரெண்டு பேரு படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

உள்ள பாலித்தீன் கவர் சரசரன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. எங்கப்பா மிட்டாயத் தின்னாரு.

"முழுசையும் தின்னுட்டு, பக்கெட்டக் கவுத்துப் போட்டுக் கதவ விட்டுத் தள்ளி உக்காருங்கப்பா"ன்னு அக்கா இப்பக் கெஞ்சல, உத்தரவு போட்டுச்சு. "சரித்தா"ன்னு உள்ள இருந்து பதில் வந்துச்சு.

அப்பறம் அக்கா வேலைல எறங்குச்சு. கதவோட கீல் ரெண்டும் வெளிப்பக்கம் இருந்துச்சு. அதுக மேல, வீடு கட்டுன காலத்துல இருந்து அடிச்ச பெயிண்டு. திருப்புளியால அதச் சுரண்டி, ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, கீலுக்குள்ள இருக்கிற ஆணிய அடியில இருந்து சுத்தியலால தட்டுச்சு. அவசரமே இல்லாம அளந்து அளந்து தட்டுச்சு. "கதவப் பிடிங்க"ன்னு அண்ணன்கிட்டச் சொன்னுச்சு, அவர் ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சாரு. ரெண்டாவது ஆணியும் வெளிய வந்துச்சு. அக்கா கீல் பக்கமாக் கதவ நெம்பி இழுத்துச்சு. தாழ்ப்பாள் ஒரு பக்கம் தொங்க, கதவு வாயப் பொளந்துச்சு.

கவுத்துப் போட்ட பக்கெட்டு மேல எங்கப்பா உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் வேர்வை. உதடு, மீசை, தாடை எல்லாம் ரோஸ் கலரு. எங்களப் பாத்து, "இட்லி ஆறிப்போச்சா?"ன்னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. அக்காவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அம்மாடி, அப்படி ஒரு நிம்மதிய நான் அதுக்கு முந்தி பட்டதில்ல.

எட்டு இட்லி தின்னு தெளிஞ்சப்பறம்தான் அப்பா அக்காவப் பாத்தாரு. "எங்கத்தா கத்துக்கிட்ட?"

"எங்கய்யா எழுமலையில பம்புசெட்டு மெக்கானிக்குப்பா. ஸ்பானர் எடுத்துக் குடுத்தே வளந்தேன். கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு ஃபேனச் செஞ்சு வச்சேன். யாரு செஞ்சான்னு மாமியா கேட்டாக. பயந்துபோய் அவுகன்னு சொல்லிட்டேன். அப்பறம் வாயில அதுவே நின்னுருச்சு."

அண்ணன் எங்க வீட்டுப் படியில உக்காந்து, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாரு. அழுகிறாரோன்னு கிட்டப் போனா, சிரிக்கிறாரு. "ஏழு வருசம்மா. தெருவுல எறங்குனா எவனாச்சும் கைல ஸ்பானரக் குடுத்து இப்பவே பாருங்கம்பானோன்னு ஏழு வருசமா ஓடிக்கிட்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமைத் தலைவலியெல்லாம் வேற என்ன? இன்னைக்குத்தான் போச்சு." அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. அந்த மனுசன் ஒருநாள்கூட நான் செஞ்சேன்னு சொன்னதே இல்ல. "வீட்ல குடுத்துருங்க"ன்னு நெசத்தத்தான் சொல்லியிருக்காரு. பொண்டாட்டிய "வீட்ல"ன்னு சொல்ற ஊருல இருந்துக்கிட்டு அதக்கூட நாங்க வெளங்கிக்கல.

எங்கப்பா மன்னிப்பெல்லாம் கேக்கல, கேக்குற ஆளும் இல்ல. மறுநாள் காலைல அக்கா கதவ மாட்ட வந்தப்ப, ஒரு ஸ்டூலக் கொண்டாந்து போட்டுட்டு, "நான் எதையும் தொடலத்தா"ன்னு தள்ளி நின்னுக்கிட்டாரு.

அந்த வாரத்துக்குள்ள தெரு பூராவும் தெரிஞ்சு போச்சு. அண்ணனுக்குக் கேலி வரும்னு அக்கா பயந்துச்சு. கொஞ்சம் வரத்தான் செஞ்சுச்சு, டீக்கடைல ரெண்டு பேரு கிண்டலடிச்சாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு, அக்காகூடத் தெப்பக்குளத்துக்குக் கிளம்புனாரு. நானும் அம்மாவும் பின்னால போறோம். முக்கு வீட்டுக்காரர் அவர் வீட்டு வாசல்ல நின்னு, பழக்கதோசத்துல, "அண்ணே, வாசிங் மெசினு எம்பி எம்பிக் குதிக்குது, என்னன்னு கொஞ்சம்..."னு ஆரம்பிச்சுட்டுப் பாதியில முழிச்சாரு. அக்கா தலையக் குனிஞ்சுக்கிருச்சு.

அண்ணன் நின்னாரு. ஓடல. அக்கா தோள்ல கிடந்த ஹேண்ட்பேக்கக் கழட்டித் தன் தோள்ல மாட்டிக்கிட்டாரு.

"நேரமாகும்ங்க"ன்னுச்சு அக்கா, மெதுவா.

"ஆகட்டும், இருக்கேன்"னு சொல்லி அந்த வீட்டு வாசப்படியில உக்காந்தாரு.

அக்கா அவரையும் பாத்து, எங்களையும் ஒரு தடவை பாத்துச்சு. முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, "எந்தப் பக்கமாக் குதிக்குதுன்னு காட்டுங்க"ன்னு உள்ள போனுச்சு.